அச்சில் படிக்கத் தெரிந்த எபிரேயம் கையெழுத்தில் ஏன் பிடிபடுவதில்லை?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இறையியல் கல்லூரியில் இரண்டு வருடம் எபிரேயம் படித்திருக்கிறீர்கள், உயிர்க்குறி போட்ட ஆதியாகமத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துவிடுகிறீர்கள், ஆனால் 17ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்றின் படம் கைக்கு வந்தபோது முதல் வரியில் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. படத்தையும் இணைத்து, இதற்கு நல்ல எழுத்து அட்டவணை எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் பழகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டவணை வேண்டிய அளவு கிடைக்கும். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி அது இல்லை என்று நினைக்கிறேன். மொழி தெரியும், 22 எழுத்தும் தெரியும், அப்புறம் ஏன் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் ஜெர்மனியில் யூதவியல் படித்தவன். 14 வருடமாக இந்த மாதிரி ஆவணங்களைப் படித்துப் பட்டியல் போடுவதுதான் வேலை. கைக்கு வருபவை பெரும்பாலும் ஜெர்மன், போஹேமிய, போலந்து ஆவணங்கள். இத்தாலியக் கையெழுத்து ஓரளவு பழக்கம். ஆட்டோமன் நாட்டு, அதாவது பழைய துருக்கிப் பேரரசின், யூதர்களின் கையெழுத்தை மெதுவாகத்தான் படிப்பேன். ஏமன், பாரசீகப் பக்கத்து எழுத்துகளை அதில் பழகியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அட்டவணை உங்களைக் கைவிட்டதற்கு முதல் காரணம், பொதுவாக எபிரேயக் கையெழுத்து என்று ஒன்று கிடையாது. மூன்று நிலைகள் உண்டு. அச்சில் நீங்கள் பார்த்தது சதுர எழுத்து, தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள், எழுதிய சுருளிலும் அதுதான். அதற்கு அடுத்தது புத்தகம் படியெடுக்கப் பயன்பட்ட நடுவாந்தர எழுத்து. மூன்றாவது கடிதம், கணக்கு, குறிப்பு எல்லாம் எழுதிய ஓட்ட எழுத்து, கை நிற்காமல் ஓடும்போது வருவது. இந்த மூன்றும் ஊருக்கு ஊர் மாறும். ஜெர்மனியும் போலந்தும் அஷ்கெனாஸி பாணி. ஸ்பெயினில் பிறந்து 1492 வெளியேற்றத்துக்குப் பிறகு ஆட்டோமன் நாடுகளுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போனது ஸெஃபார்தி பாணி. இத்தாலிக்குத் தனிப் பாணி, கிரேக்கப் பக்கத்துக்கு ஒன்று, கீழை நாடுகளுக்கு ஒன்று, ஏமனுக்கு ஒன்று. ஆக, முதல் எழுத்தான ஆலெப் ஒன்றே பத்துப் பதினைந்து உருவத்தில் இருக்கும். இதையெல்லாம் ஒரே கட்டத்தில் அடுக்கி வைத்த அட்டவணையைப் பார்த்தால் எந்தக் கிறுக்கலும் எந்த எழுத்தாகவும் தோன்ற ஆரம்பித்துவிடும். தொடக்கத்தில் நானே இப்படி ஒரு மாதம் வீணாக்கியிருக்கிறேன்.

வேறுபாட்டுக்குக் கருவியும் ஒரு காரணம். அஷ்கெனாஸிகள் இறகுப் பேனாவால் எழுதினார்கள், அதனால் படுக்கைக் கோடு தடித்தும் நிமிர்ந்த கோடு மெலிந்தும் விழும். ஸெஃபார்திகளும் கீழை நாட்டவரும் நாணல் பேனா பிடித்தவர்கள், அவர்கள் கோடு ஏறக்குறைய ஒரே தடிமனில் போகும். கொஞ்சம் பழகிவிட்டால், ஒரு வார்த்தைகூடப் படிக்காமலே, பக்கத்தைக் கைநீட்டத் தூரத்தில் வைத்துப் பார்த்தே இது எந்தப் பக்கத்துக் கை என்று சொல்ல முடியும். முதலில் அதைத்தான் பழக வேண்டும். உங்கள் படத்தில் இருப்பது சந்தேகமே இல்லாமல் அஷ்கெனாஸி ஓட்ட எழுத்து.

இனி பழகும் முறைக்கு வருகிறேன். கையெழுத்துக்குப் போகும் முன் இடையில் ஒரு படி இருக்கிறது, அதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். பழைய அச்சுப் புத்தகங்களில் சதுர எழுத்து தவிர இரண்டு அச்செழுத்துகள் உண்டு. ஒன்று ராஷி எழுத்து என்று சொல்வது. பெயரைப் பார்த்து ராஷி இப்படித்தான் எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் 1105இல் பிரான்சில் இறந்த உரையாசிரியர். 1475இல் இத்தாலியின் ரெஜ்ஜோ கலாப்ரியாவில் அவருடைய தோரா உரையை அச்சிட்டபோது ஸெஃபார்தி நடுவாந்தர எழுத்தைப் பார்த்து அச்சு வார்த்தார்கள், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்னொன்று, 16ஆம் நூற்றாண்டு முதல் 19இன் தொடக்கம் வரை, அஷ்கெனாஸி யூதர்கள் பேசிய இத்திஷ் மொழிப் புத்தகங்களுக்குப் பயன்பட்ட வைபர்தைச் எழுத்து. அது அஷ்கெனாஸி நடுவாந்தர எழுத்திலிருந்து வந்தது. ரெண்டுமே ஈயத்தில் உறைந்துபோன கையெழுத்துதான், ஆனால் அச்சு என்பதால் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். கையெழுத்தில் இல்லாத அந்த நிம்மதி இங்கே கிடைக்கிறது. உங்கள் ஆர்வம் ஜெர்மன், போலந்துப் பக்கம் என்றால் வைபர்தைச், ஸ்பெயின், இத்தாலி, துருக்கி என்றால் ராஷி. மூன்று வாரம், தினமும் ஒரு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள்.

அப்புறம்தான் கையெழுத்து. அதில் எதை முதலில் எடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்பேன். நம் ஊர் ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒரே உருவம், எகரம் ஏகாரம் பிரித்துக் காட்டியிருக்காது. ஆனாலும் யாப்பும் பாட்டும் தெரிந்தவர் தடையில்லாமல் படித்துக்கொண்டு போவார், அடுத்து என்ன சொல் வர முடியும் என்று அவருக்குத் தெரியும். உயிர்க்குறி இல்லாத எபிரேயக் கையெழுத்தும் அப்படியேதான். நல்ல கண் இருந்தால் போதாது, என்ன வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு வேண்டும். அதனால் கடிதத்தில் தொடங்காதீர்கள், கடிதத்தில் எது வேண்டுமானாலும் வரும். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும் ஆவணத்தை எடுங்கள்.

அஷ்கெனாஸி ஊர்களில் நினைவேடு என்று ஒன்று வைத்திருந்தார்கள், மெமோர்புக் என்பார்கள். ஜெபாலயத்தில் வாசிக்க வைத்தது என்பதால் பெரும்பாலும் பெரிய, தெளிவான எழுத்து. ஒவ்வொரு பதிவும் "யிஸ்கோர் எலோஹிம் நிஷ்மத்" என்று தொடங்கும்: இன்னாரின் ஆன்மாவை ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் இவர்களின் ஆன்மாக்களோடு தேவன் நினைவுகூர்வாராக, ஏனென்றால் அவர் இன்ன நற்காரியம் செய்தார். பத்துப் பதிவு படித்தால் நற்காரியம் மட்டும்தான் மாறும், மற்றதெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். அடுத்து மோஹேல் ஏடு. விருத்தசேதனம் செய்து வைப்பவர் தான் செய்ததையெல்லாம் தேதி வாரியாகக் குறித்து வைத்த நோட்டு அது. கிழமை, தேதி, குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், ஊர், அவ்வளவுதான். நான் ஓட்ட எழுத்து படிக்கப் பழகியது முழுக்க ஒரே ஒரு மோஹேல் ஏட்டை வைத்துத்தான். முதல் பக்கத்துக்கு நாலு நாள் ஆனது. முப்பதாவது பக்கத்தில், தானாகவே வந்துகொண்டிருக்கிறது என்பதைக் கவனித்து ஒரு நிமிடம் நிறுத்திவிட்டேன். வேறொரு வழியும் உண்டு: அச்சில் கிடைக்கும் ஒரு நூலின் கையெழுத்துப் படியை எடுத்து, அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவது. விடை கையில் இருக்கும்போது வெட்கப்பட வேண்டியதில்லை, கண் அப்படித்தான் பழகும்.

படிக்கும்போது கையில் பேனா இருக்கட்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். பார்த்துக்கொண்டே இருந்தால் எழுத்து ஒரு உருவம் மட்டும்தான், எழுதிப் பார்த்தால்தான் கோடு எங்கே தொடங்கி எப்படித் திரும்பியது என்று கை சொல்லும். பக்கத்தில் முதலில் லாமெதைத் தேடுங்கள். 22 எழுத்தில் வரிக்கு மேலே தலை நீட்டுவது அது ஒன்றுதான், ஓட்ட எழுத்திலும் பாய்மரம்போல் எழுந்து நிற்கும். வரிக்குக் கீழே இறங்குபவை கோஃபும், சொல்லின் கடைசியில் வரும் காஃப், நூன், பே, த்ஸாதேயும். இந்த மேடு பள்ளங்களை முதலில் குறித்துக்கொண்டால் சொல்லின் உடம்பு பாதி தெரிந்துவிடும். மேலே நீண்டது நடுவில் இருக்கும் சின்னச் சொல், கடைசியில் மூடிய மேமோடு முடியும் நீண்ட சொல், இவையெல்லாம் முகம் போலப் பழகிவிடும்.

சரி, குழப்பும் எழுத்துகள்? தாலெத்தும் ரேஷும்தான் பெரிய ஆபத்து. "எஹாத்" என்றால் ஒன்று, "அஹேர்" என்றால் வேறொன்று. உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் முதல் இரண்டு எழுத்து ஆலெப், ஹேத்தான், கடைசி எழுத்து தாலெத்தா ரேஷா என்பதில்தான் வித்தியாசம், அவசரக் கையில் அந்த வித்தியாசம் ஒரு சின்ன முனைதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு கடன் பத்திரத்தில் "வேறொரு சாட்சி" என்று இருந்ததை "ஒரு சாட்சி" என்று எழுதிவிட்டேன். கீழே இரண்டு கையொப்பம் இருந்தும், அதில் ஒன்று பின்னால் சேர்த்ததாக இருக்கும் என்று ஒரு கதையும் கட்டி அடிக்குறிப்பாகப் போட்டேன். ஒரு வருடம் கழித்து அதே எழுத்தரின் வேறு பத்திரம் கிடைத்தபோதுதான் அவர் தாலெத்தை எப்படி எழுதுவார் என்பது தெரிந்து திருத்தினேன். அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: புதிய கை ஒன்று வந்தால், எனக்குச் சந்தேகமே இல்லாத சொற்களிலிருந்து மட்டும் எழுத்துகளை வெட்டியெடுத்து அந்த எழுத்தருக்கென்று ஒரு தாள் போடுவேன். நீங்கள் கேட்ட அட்டவணை அதுதான், ஆனால் அதை நீங்களேதான் போட வேண்டும், ஒவ்வொரு கைக்கும் தனியாக.

எழுத்து தெரிந்தும் படிக்க முடியாமல் போவதற்குச் சில காரணங்கள் இருக்கின்றன, யாராவது சொல்லித் தராவிட்டால் தெரியாது. வரியின் கடைசியில் இடம் மிச்சமானால் எழுத்தர் அடுத்த சொல்லின் முதல் இரண்டு எழுத்தைப் போட்டு இடத்தை நிரப்பிவிட்டு, அதே சொல்லை அடுத்த வரியில் முழுதாக எழுதுவார். அந்த அரைச் சொல்லை நீங்கள் அகராதியில் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆலெப்பும் லாமெத்தும் சேர்ந்து ஒரே எழுத்துபோல் வரும் கூட்டு வடிவம் ஒன்று உண்டு, ஸெஃபார்தி, கீழை நாட்டுக் கைகளில் அது சர்வ சாதாரணம். தேவனின் பெயரை முழுதாக எழுதமாட்டார்கள், இரண்டு யோத் அல்லது ஒரு ஹேயும் ஒரு கோடும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் சுருக்கக் குறிகள். கடைசி எழுத்துக்கு முன் இரண்டு சின்னக் கோடு இருந்தால் அது சொல் இல்லை, பல சொற்களின் முதலெழுத்து, இல்லையென்றால் எண், எபிரேயத்தில் எழுத்தே எண்ணாகவும் நிற்கும். கோஃப்-கோஃப் வந்தால் "கெஹில்லா கெதோஷா", பரிசுத்த சபை, அடுத்த சொல் கட்டாயம் ஊர்ப்பெயர். ஒருவர் பெயருக்குப் பின்னால் ஸயின்-லாமெத் இருந்தால் அவர் இறந்துவிட்டார், யோத்-த்ஸாதே-வாவ் இருந்தால் உயிரோடு இருக்கிறார், அவருடைய கன்மலை அவரைக் காக்கட்டும் என்ற ஆசி அது. வம்சாவளி தேடுபவர்களுக்கு இந்த இரண்டு குறியும் தங்கம். ஒரு நாற்பது ஐம்பது சுருக்கம் மனப்பாடமாக இருந்தால் சாதாரண ஆவணத்தில் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

இன்னொன்றையும் நீங்கள் எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள். எழுத்து எபிரேயம் என்பதால் மொழியும் எபிரேயம் என்று ஆகாது. 1619இல் பிராகாவிலிருந்து வியன்னாவுக்கு யூதக் குடும்பங்கள் எழுதிய ஒரு கட்டுக் கடிதம் போய்ச் சேராமலே அரசாங்கக் காப்பகத்தில் தங்கிவிட்டது, 1911இல்தான் பதிப்பாக வந்தது. அதில் பெரும்பகுதி இத்திஷ், அதாவது ஜெர்மானிய மொழி, எபிரேய எழுத்தில். அஷ்கெனாஸி கடிதங்களில் வணக்கமும் முடிப்பும் அழகான எபிரேயத்தில் இருக்கும், நடுவில் பணம், காய்ச்சல், மகள் கல்யாணம் எல்லாம் இத்திஷில் வரும். அந்த இடத்தில் அயின் என்பது எகரமாகிவிடும், இரண்டு வாவ் சேர்ந்து வகரமாகும். ஆட்டோமன் நாட்டில் இதே கதை ஸ்பானிய வழி வந்த லதீனோவுக்கு, அதன் ஓட்ட எழுத்துக்கு ஸோலித்ரேயோ என்று பெயர். அதனால் நாலைந்து வரி படித்தும் ஒரு சொல்லும் அகராதியில் இல்லை என்றால் உங்கள் கண்ணைச் சந்தேகப்படும் முன் மொழியைச் சந்தேகப்படுங்கள். நம் பக்கத்துக் கடற்கரையிலும் இதற்குச் சாட்சி உண்டு: கி.பி. 849ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் வட்டெழுத்து வாசகத்துக்குச் சாட்சி போட்டவர்களில் சிலர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். காலம் வேறு, ஆனாலும் எழுத்து ஒன்று, மொழி வேறு என்பதைக் கண்ணால் பார்க்க நல்ல இடம்.

எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் சொல்ல வேண்டும். கையெழுத்தின் பாணியை வைத்து எழுதியவர் எந்தப் பகுதியில் எழுதப் பழகினார் என்று உறுதியாகச் சொல்லலாம். எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று சொல்ல முடியாது, எந்த ஊரில் இருந்தாலும் கை பழகிய ஊரின் கைதான். இத்தாலியில் எழுதிய எத்தனையோ ஏடுகளில் அஷ்கெனாஸி கையும் ஸெஃபார்தி கையும் இருக்கின்றன. எழுத்தை மட்டும் வைத்து வருடம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை, 50 வருடத்துக்குள் அடக்கிச் சொன்னாலே துணிச்சல். ஸெஃபார்தி கையொப்பங்களுக்குப் பின்னால் ஸாமெக்-தேத் என்று இரண்டு எழுத்து வரும். "முடிவு நல்லதாகட்டும்" என்று சிலர் விரிப்பார்கள், "தூய ஸெஃபார்தி" என்று சிலர். நான் முதலாவதன் பக்கம், ஆனால் இது தீர்ந்த வழக்கு இல்லை. ஊர்ப்பெயர்களிலும் இத்திஷ் பெயர்களிலும் உயிரொலி பல நேரம் ஊகம்தான். சாட்சிக் கையொப்பங்கள் சில, எத்தனை வருடம் பார்த்தாலும் வெறும் சுழியாகவே இருக்கும். படிக்க முடியாத இடத்தில் எத்தனை எழுத்து இருக்கும் என்று கணக்கிட்டு அத்தனை புள்ளி வையுங்கள். ஊகத்தை ஊகம் என்று குறிக்காமல் எழுதினால், அடுத்து வருபவர் அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மென்பொருள் பற்றி: டிரான்ஸ்கிரிபஸ், ஈ-ஸ்கிரிப்டோரியம் இரண்டிலும் எபிரேயக் கையெழுத்துக்குப் பயிற்சி கொடுத்த மாதிரிகள் உண்டு, நானும் பயன்படுத்துகிறேன். பழகிய கையில் நன்றாகப் படிக்கும், பழகாத ஓட்ட எழுத்தில் தைரியமாகத் தப்புச் சொல்லும், அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க உங்களுக்கே படிக்கத் தெரிய வேண்டும். படங்களுக்குக் குறைவில்லை. எருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகத்தின் க்தீவ் தளத்தில் உலகெங்கும் உள்ள எபிரேய ஏடுகள் இலவசமாகத் திறந்திருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்ட் பாட்லியன் நூலகத்தில் பிராகா ரபி டேவிட் ஓப்பன்ஹைமின் சேகரிப்பு இருக்கிறது, 1829இல் வாங்கியது, அஷ்கெனாஸி கைகளுக்கு அதைவிட நல்ல சுரங்கம் குறைவு. எத்தனை நாள் ஆகும் என்றால், தினமும் அரை மணி நேரம் தவறாமல் உட்கார்ந்தால் நாலு மாதத்தில் ஒரு கையை மெதுவாகப் படிப்பீர்கள். என்னிடம் பழகியவர்களை வைத்துச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் நாலு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் யாரும் தேறவில்லை.

கடைசியாக உங்கள் படம். முதல் வரியைப் பெரிதாக்கிப் பாருங்கள், வலது ஓரத்தில் "யோம்", அடுத்து மேலே ஒரு கோட்டோடு கிமெல்: மூன்றாம் நாள், செவ்வாய். அடுத்த இரண்டு சொல் "பராஷத் நோவா". மாதத் தேதி போடாமல் அந்த வாரம் ஜெபாலயத்தில் வாசிக்கும் தோராப் பகுதியைச் சொல்லித் தேதி போடுவது வழக்கம், இது நோவா பகுதி வாசிக்கும் வாரம். அதற்கு அடுத்து தாவ்-ஹேத், நடுவில் இரட்டைக் கோடு. தாவ் 400, ஹேத் 8, ஆக 408. பின்னால் லாமெத்-பே-கோஃப் இருக்கிறது, ஆயிரத்தை விட்டுவிட்ட சிறு கணக்கு என்று பொருள், முழு ஆண்டு 5408. சிறு கணக்கோடு 1240 கூட்டினால் நம் ஆண்டு வரும், 1648. ஆனால் எபிரேய ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் பிறக்கிறது, நோவா பகுதி ஆண்டு பிறந்த சில வாரத்திலேயே வந்துவிடும், அதனால் இங்கே 1239தான் கூட்ட வேண்டும்: 1647, அக்டோபர் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. தாவ்-ஹேத் என்ற இந்த இரண்டு எழுத்தை யூத வரலாறு படித்தவர்கள் சும்மா கடந்துபோகமாட்டார்கள். அடுத்த வசந்தத்தில் க்மெல்னித்ஸ்கியின் கோசாக் எழுச்சி தொடங்கி உக்ரைனிலும் போலந்திலும் யூத ஊர்கள் அழிந்தன, அந்த அழிவை இன்றும் 408, 409 என்று ஆண்டெழுத்தை வைத்தே "தாஹ் வெ-தாத்" என்று சொல்கிறார்கள். உங்கள் கடிதத்தை எழுதியவருக்கு அது தெரியாது. அவர் ஆண்டுக்குப் பின்னால் கோஃப்-கோஃப் போட்டு ஊர்ப்பெயரை எழுதியிருக்கிறார். போஸ்னா, அதாவது போலந்தின் போஸ்னான், என்று படிக்கிறேன், ஆனால் நடுவில் உள்ள ஸயின் மடிப்பில் மாட்டியிருப்பதால் கேள்விக்குறி போட்டுத்தான் வைப்பேன். இரண்டாம் வரி லாமெத்தில் தொடங்குகிறது, அந்தச் சொல் முழுக்க தெளிவாகவே இருக்கிறது. அதை நான் சொல்லப்போவதில்லை, நீங்கள் படித்து இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.